துவைக்காத நைட்டி

மனைவி மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், அவள் எடுத்து வைத்திருந்த தாய்ப்பாலைப் பாட்டிலில் ஊட்டப் பார்த்தேன். மகள் அதை வாயில் வாங்காமல் அலறினாள். எனக்கும் எரிச்சல் வந்தது. கட்டிலில் போட்டதும், அங்கே கிடந்த மனைவியின் நைட்டியில் முகத்தைப் புதைத்து அமைதியானாள். சட்டென்று அதை எடுத்து மாட்டிக்கொண்டேன். மகள் மோந்து பார்த்தாள், குடிக்கத் தொடங்கினாள்.

தண்ணி கேன் போட வந்தவர், "இன்னா சார் இது!" என்று திரும்பி நின்றார். போகட்டும்.

மாலையில் தாம்பரத்தில் ரயிலிறங்கி ஓடி வந்த மனைவி, மகள் என் தோளில் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தாள். முகம் வாடியது.

"என்னைத் தேடவே இல்லையா?"

நைட்டியின் கழுத்தை இறுகப் பற்றியிருந்த குட்டிக் கையைக் காட்டினேன்.

"காலையிலேர்ந்து உன்னை விடவே இல்ல."