டம்ளரில் விழுந்த கோழித்துண்டு

எனக்கு ஒன்பது வயதானபோது, என் குடலில் ஒரு கோழித்துண்டு ஒட்டிக்கொண்டிருப்பதாக எங்கள் வீட்டில் முடிவானது. முடிவு செய்தவர் பெரியப்பா. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த அவருடைய முடிவுகளுக்கு, தென்காசியை ஒட்டிய எங்கள் குத்துக்கல்வலசை வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

அதற்கு முந்தைய மாதம்தான் சாரல் தொடங்கியிருந்தது. ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல், கேரளாவுக்குப் போகும் புளியறைச் சாலையில் இருந்த ஒரு பரோட்டாக் கடைக்குப் போனோம். இலை போட்டதும் பெரியப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எந்தச் சாப்பாடும் பத்து நிமிடத்தில் முடிய வேண்டும் என்பது அவர் முகாமிலிருந்து கொண்டுவந்த ஒழுங்கு.

என் பற்கள் அந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாதவை. வாயை இறுக்க மூடினாலும் மேல்வரிசையும் கீழ்வரிசையும் முன்னால் ஒன்றையொன்று தொடாது. நடுவில் என் சுண்டுவிரல் நுனி நுழையும். எதையும் கடித்து இழுக்க முடியாது. கையால் பிய்த்து, இடப்பக்கக் கடைவாய்க்குத் தள்ளி, அங்கே மட்டும் அரைக்க வேண்டும். ஓரத்தில் ஒரு தெத்துப்பல்லும் இருந்தது. தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று அம்மா நம்பியதால், மற்றப் பற்களின் கோணலையும் யாரும் குறையாகக் கருதவில்லை.

“ஏட்டி, இன்னும் முதல் பரோட்டாவா? நம்மகூட உக்காந்த லாரிக்காரன் தின்னுட்டு கேரளாவே போயிருப்பான்” என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கோழித்துண்டை அப்படியே விழுங்கினேன். அடுத்ததையும் விழுங்கினேன். கடிகாரம் பத்து நிமிடத்தைத் தொடும்முன் என் இலை காலியானது. “இப்படித்தாம்ட்டி சாப்பிடணும்” என்று அவர் முதுகில் தட்டியதைப் பதக்கமாக ஏற்றுக்கொண்டு, அன்றுமுதல் வீட்டிலும் விழுங்கத் தொடங்கினேன்.

சில நாட்களில் வயிறு தன் கணக்கைச் சொன்னது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் மேல்வயிறு கல்லாகக் கனக்கும், ஏப்பம் வரும், பிறகு வலி. வகுப்பில் பெஞ்சின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நெளிந்துகொண்டே இருப்பேன். மருந்துக்கடைச் சிரப்புகள் இரண்டு காலியாயின.

“தொக்கம் விழுந்திருக்கு. எடுத்துட்டா சரியாப் போயிரும்” என்றார் பெரியப்பா. செரிக்காத உணவு குடலில் ஒட்டிக்கொள்வதைத் தொக்கம் என்றும், கைராசிக்காரர்கள் அதை வெளியிலிருந்தே உறிஞ்சி எடுத்துவிடுவார்கள் என்றும் எங்கள் பக்கத்தில் பலர் நம்பினார்கள். அவர் அத்துடன் நிறுத்தவில்லை. “அதுலயும் ஒண்ணும் வரலைன்னா, திருநவேலிக்குக் கொண்டுபோயி வாய்வழியாக் குழாயை விட்டுத்தான் பாக்கணும்.”

அந்தக் குழாய் என்னைப் பிடித்துக்கொண்டது. திருவேங்கடம் என்ற ஊருக்கு அருகிலிருந்த ஒரு கிராமத்துக்கு பஸ் மாறி மாறிப் போன நேரம் முழுவதும், கரிசல் காடுகளைப் பார்க்காமல் என் தொண்டையையே தடவிக்கொண்டிருந்தேன். ஏதாவது வெளியே வர வேண்டும். வராவிட்டால் குழாய்.

தொக்கம் எடுக்கும் அம்மாளின் தகரக்கூரைக்குக் கீழே பதினைந்து பேராவது காத்திருந்தார்கள். என் முறை வந்ததும் பாயில் படுக்க வைத்தார். வாயைக் கொப்பளித்து, வெறும் வாய்தான் என்று எல்லோருக்கும் திறந்து காட்டினார். பிறகு வாய் துடைக்கும் துண்டை எடுப்பதற்காகத் திரும்பினார். பெரியப்பாவும் அம்மாவும் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படுத்திருந்த நான் மட்டும்தான் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். துண்டுக்குள்ளிருந்து எதையோ எடுத்த கட்டைவிரல் கன்னத்துக்குள் போய்வந்தது. அப்போது அவர் பார்வை ஒரு நொடி என் கண்ணில் பட்டு விலகியது.

என் வயிற்றில் சிறு பித்தளைக் குழலை வைத்து மூன்று முறை உறிஞ்சினார். டம்ளரில் துப்பினார். வெளுத்த, நார்நாரான ஒரு கோழித்துண்டு.

“பாத்தியளா, முழுசாக் கெடக்கு. பிள்ளை மெல்லவே இல்ல.”

பெரியப்பா டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “ஆமா, நாம புளியறையில தின்ன பீஸேதான்” என்று, ஒரு மாதம் கழித்தும் ஐயத்துக்கு இடமில்லாமல் அடையாளம் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. குழாயிலிருந்து தப்பிவிட்டேன்.

திருநீறு பூச வேண்டும் என்று சொல்லி, அந்த அம்மாள் மற்றவர்களை வெளியே அனுப்பினார். பூசிய கையை எடுக்காமல் என் மோவாயைப் பிடித்தார்.

“எங்க, பல்லைக் கடி பாப்போம்.”

கடித்தேன். குனிந்து பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உனக்கு மேப்பல்லும் கீப்பல்லும் சேரவே மாட்டேங்குதுட்டி. அதான் முழுங்குத. எவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும், நீ மெதுவா மென்னு தின்னு. தென்காசில பல் டாக்டர்ட்டக் காட்டச் சொல்லி உங்க அம்மைட்டச் சொல்லு. சொல்லுவியா?”

தலையாட்டினேன். வெளியே வந்ததும் உரத்த குரலில், ஒரு வாரத்துக்குக் குழைத்த சோறு மட்டும் கொடுக்கச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டாள்: “உள்ள வச்சு என்னட்டி சொன்னா?”

“ஒண்ணுமில்லம்மா.”

குழைத்த சோற்றில் வலி நின்றது. புகழ் முழுவதும் டம்ளருக்குப் போனது. அடுத்த பரோட்டாவில் வலி திரும்பியது. அதன்பின் வேறு ஊர்களில் மேலும் இரண்டு தொக்கம் எடுத்தார்கள். கல்லூரிக் காலத்தில்தான் ஒரு பல் மருத்துவர் என் வாய்க்குள் பார்த்தார். வயிற்றுவலிக்குப் பல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றும், ஆனால் சரியாக மெல்லப்படாத உணவைச் செரிக்க வயிறு கூடுதலாகப் பாடுபட்டிருக்கும் என்றும் நிதானமாகச் சொன்னார். கம்பி கட்டி ஒரு வருடம் கழித்து, முதல்முறையாக ஒரு கொய்யாவை முன்பல்லால் கடித்தேன்.

அந்த அம்மாளை நான் குற்றமற்றவர் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கூரையின் கீழ் காத்திருந்தவர்களில், உடனே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டியவர்கள் எத்தனை பேரோ. ஆனால் என் மௌனத்தின் விளைவையும் எடைபோட வேண்டியிருக்கிறது. கோழித்துண்டில் ஏமாற்றியவர் சொன்ன எல்லாமே ஏமாற்று என்று நினைத்தேன். அவருடைய தந்திரத்தை நான் ஒருத்தி கண்டுபிடித்துவிட்ட பெருமையில், அவர் சொன்னதை யாரிடமும் சொல்லாமல் விட்டேன்.

நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்திருந்தார். அதனால்தான் மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, உண்மையை என்னிடம் சொன்னார். அது எனக்கு அப்போது புரியவில்லை.