எல்வுட் ஹேகனின் கல்

கென்டக்கியில் எங்கள் மலையடிவாரத்தில் வெள்ளை வீடு என்று ஒன்று இப்போது கிடையாது. எத்தனை தடவை வர்ணம் அடித்தாலும் கறுத்துவிடும். இதையே பெருமை என்று வெளியூர்க்காரனிடம் சொல்லி விஸ்கி விற்கிறார்களே, அதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்து வீட்டு வெர்னிஸ் ஹேகன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியே மூன்று பெண்களைக் கரையேற்றியவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. அவள் புருஷன் எல்வுட் பழைய சாராய ஆலையில் போர்பன் விஸ்கிப் பீப்பாய்களை உருட்டியே ஆயுசைக் கழித்தவர். ஆனால் ஒரு சொட்டு குடித்ததில்லை. சின்ன வயதிலேயே மாதாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். அவர் இறந்ததும் அவருடைய அண்ணன் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லை வெட்டியெடுத்து, தன் கையாலேயே தம்பியின் பெயரையும் வருஷத்தையும் செதுக்கிக் கல்லறையில் நட்டார். நடுங்கும் கை, ஆழமில்லாத எழுத்து. கொஞ்ச நாளில் அந்த அண்ணனும் போய்விட்டார்.

அப்புறம்தான் விஸ்கி முதலாளி பிரெஸ்டன் கோல் வந்து மலைமேல் பீப்பாய்க் கிடங்குகளைக் கட்டினான். அவன் பாட்டிலில் ‘ஐந்து தலைமுறைப் பாரம்பரியம்’ என்று போட்டிருக்கும். அவனுடைய தாத்தா சிகாகோவில் இன்சூரன்ஸ் விற்றவர் என்பது ஊருக்கே தெரியும். பொய் சொல்லிவிட்டுப் போகட்டும், இந்தத் தொழிலில் யார்தான் சொல்லவில்லை? ஆனால் விஸ்கி வருஷக்கணக்கில் மரப்பீப்பாயில் ஊறும்போது கொஞ்சம் ஆவியாகப் போகும். தேவதைகளின் பங்கு என்று செல்லப் பெயர். அந்த ஆவி படிகிற இடத்திலெல்லாம் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். குடிப்பது தேவதைகள், கழுவுவது நாங்கள்.

எல்வுட்டின் கல்லும் கறுத்தது. சனிக்கிழமை தவறாமல் வெர்னிஸ் ஒரு வாளித் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிடுவாள். “மிருதுவான கல்லுடி, பச்சப்புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி தொடணும்” என்பாள்.

ஒருநாள் பிரெஸ்டனின் கிடங்குகளைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தைக் கல்லறைக்கே கூட்டிவந்துவிட்டார்கள். கறுத்த கல்தான் நன்றாக முதிர்ந்த சரக்குக்குச் சாட்சியாம். ஒருவன் பக்தியோடு தன் விஸ்கிக் கோப்பையை எல்வுட்டின் தலையில் கவிழ்த்தான்.

“அடேய்! உசுரோட இருந்தப்பவே தொடாத மனுஷன்டா அவரு. செத்தப்புறம் ஊத்துறியா? எடுறா கைய!” வெர்னிஸ் வாளித் தண்ணீரை அவன்மேலேயே வீசிவிட்டாள்.

அந்த மாதமே பிரெஸ்டன் இன்னும் இரண்டு கிடங்குகளுக்கு அனுமதி கேட்டான். ஊர்க்கூட்டத்தில் எழுந்து, “இயற்கையான பூஞ்சைதாங்க, யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல” என்றான்.

வெர்னிஸ் எழுந்தாள். “கெடுதல் இல்லேன்னா, தம்பி, உன் விருந்தாளிங்க வர்ற கட்டடத்த மட்டும் வாராவாரம் தண்ணி பீய்ச்சுற மெஷின் வெச்சு ஏன் கழுவுற?”

கூட்டம் சிரித்தது. பிரெஸ்டனின் காது சிவந்தது. “உங்க மனசு புரியுது, மிஸ் வெர்னிஸ். உங்க வீட்டுக்காரர் கல்லையும் நாங்களே கழுவித் தர்றோம்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

“அதத் தொடாத. கிடங்கக் கட்டாத, அது போதும்” என்றாள் வெர்னிஸ்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பிரெஸ்டன் மெஷினோடும் பத்திரிகைப் போட்டோக்காரனோடும் வந்தான். சத்தம் கேட்டு நான் ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கல் பளிச்சென்று வெளுத்து நின்றது. பெயர் இல்லை, வருஷம் இல்லை. எங்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து குகையாக்கியதே தண்ணீர்தான். அந்தப் பாறை ஊற்றின் பெருமையைப் பாட்டிலுக்குப் பாட்டில் அச்சடிக்கிறவனுக்கு, இது தோன்றாமலா போகும்? படுபாவி!

சாயங்காலம் வெர்னிஸ் வந்து, எழுத்து இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிரெஸ்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“மன்னிச்சிருங்க, மிஸ் வெர்னிஸ். புதுசா செதுக்கித் தர்றோம். முன்ன இருந்ததவிட அழகா.”

“அவரு அண்ணனக் கூட்டிட்டு வருவியா?”

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

“கறுப்பா இருந்தப்பக்கூட என் விரலுக்கு அவர் பேரு தெரிஞ்சுது” என்றாள்.

பத்திரிகையில் படம் வந்தது: பாரம்பரியம் காக்கும் கோல் நிறுவனம், பக்கத்தில் வெள்ளைக் கல். ஒரு கோடை போவதற்குள் அந்தக் கல் மறுபடி கறுத்துவிட்டது. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வா, போகலாம் என்று நான்தான் கூப்பிட்டேன்.

“எதத் தேடிக் கழுவ?” என்றாள்.