கறை போன கை

அந்தத் துறவியைப் பற்றி மேடையில் பேச யார் கூப்பிட்டாலும் ஓடுவேன். எல்லாருக்கும் கோயில் கதவைத் திறந்துவிட்டவர். எனக்குப் பிடித்தது அவருடைய இருபது வயதுதான். மடத்தில் படிக்க இடம் வேண்டி, கூலிக்காரி பெற்ற பிள்ளை என்பதை மறைத்து, வேறு ஊர் வேறு குலம் சொல்லி, தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்து கிடந்த வயது. பிற்பாடு ஒரு சபையில் எழுந்து நின்று, பெற்றவள் இன்னாள் என்று சொன்னார். மறைத்த வலி இல்லையென்றால் கதவு திறந்திருக்காது. இது என் கட்சி.

கார்த்திகையில் போடியில் ஒரு மண்டபத்தில் பேச்சு. ஆத்தாவையும் வரச் சொன்னேன். எங்கள் ஊர் சிலமலையிலிருந்து விடியுமுன்னே ஜீப்பு ஏறி, மலையில் ஏலக்காய் எடுக்கப் போகிறவள். அன்று போகவில்லை. காய்க்கறை ஏறிக் கறுத்த விரல்களைப் புளியும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தோலு உரிஞ்சிரும் ஆத்தா."

"உரியட்டும். மலைக்குப் போறவள்னு அங்க சொல்லிறாத அப்பு. இன்னைக்கு ஒருநா பேசுற புள்ளையோட ஆத்தாவா மட்டும் உக்காந்துட்டு வர்றேன்."

"சரி" என்றேன்.

பேசப் பேசக் கைதட்டல். துறவி எழுந்து நின்ற இடம் வந்ததும் எனக்கு என்னமோ ஏறிவிட்டது. "என் ஆத்தாவும் ஏலத்தோட்டக் கூலிதான்! கறுத்துப்போன அந்தக் கையப் பாருங்க!" என்று அவள் பக்கம் கை நீட்டினேன். எல்லாத் தலையும் திரும்பியது. அதுவரை அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பக்கத்து அம்மாள் அவள் கையை எடுத்துப் புரட்டினாள்.

"நல்லாத்தானே இருக்கு? கறுப்பக் காணோமே?"

யாரோ சிரித்தார்கள். ஆத்தா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மண்டபம் கைதட்டியது, எனக்காக.

பஸ்சில் ஊர் வந்தோம். இறங்கி நடக்கும்போது ஆத்தா கோபமில்லாமல்தான் கேட்டாள்: "அந்தச் சாமி சபையில சொன்னாரே, அப்ப அவரப் பெத்தவ உசுரோட இருந்தாளா?"

பெற்றவள் இறந்து வெகுகாலம் கழித்துத்தான் அவர் சொன்னார். எனக்குத் தெரியும். பேச்சின் வேகம் குறையும் என்று அதை விட்டுவிட்டேன்.

"இல்ல ஆத்தா."

"அதானே. அவ போறவரைக்கும் பொறுத்திருந்திருக்காரு."

அத்தனை வருசமும் அவர் வாயைக் கட்டியது பயம் என்றுதான் ஊர் ஊராய்ச் சொல்லிவந்தேன். அடுத்த மாசம் இன்னொரு கூட்டம். இனி அதை எந்த வாயால் சொல்வது?