தம்பியின் முகத்தின் மேல் பூசிய நீலம்

புகைப்படத்தைத் திரை அச்சில் தாளுக்கு மாற்றி, அதன் மேல் எண்ணெய் வண்ணம் பூசுவது என் வேலை. தலத்தெருவில் அதற்காக ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். புதுச்சேரியில் ஒரு கண்காட்சிக்காக என் தம்பியின் படத்தைப் பன்னிரண்டு தாள்களில் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் அவன் முகத்தை நீலத்தால் மூடினேன்.

சென்னை வேலையை விட்டுவிட்டு விழிதியூரில் அம்மாவோடு இருந்தான் அவன். மெலிந்து, தாடி வளர்த்து, அதிகம் பேசாமல் ஆகியிருந்தான். தாள்களைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குக்கா, நான்தான்னு யாருக்கும் தெரியாது" என்றான். கேலி செய்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் காரைக்கால் வரை போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பியவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனில் ஆதார் படத்தின் நகலைக் கொடுத்தோம். அதில் கன்னம் உப்பிய கல்லூரிப் பையன் இருந்தான்.

"இத வச்சி எப்படிம்மா தேடுறது? இப்ப எடுத்தது ஒண்ணு கொண்டாங்க" என்றார் ஏட்டு.

அவன் யாரையும் படம் எடுக்க விட்டதில்லை. எனக்காக ஒரே ஒரு தடவை நின்றான். அந்தப் படம் இருந்த போன் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போயிருந்தது. அச்சு முடிந்ததுமே பிலிமைக் குப்பையில் போட்டு, திரையில் பதிந்திருந்த படத்தையும் கழுவிவிட்டிருந்தேன். மிச்சம் அந்தப் பன்னிரண்டு தாள்கள்தான்.

அம்மாவும் நானும் தரையில் உட்கார்ந்து, வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனைப் பஞ்சில் தொட்டு நீலத்தைத் துடைத்தோம். நீலத்தோடு அச்சு மையும் சேர்ந்து வந்தது. முதல் தாளில் வாய் போயிற்று. அடுத்ததில் முகமே கரைந்து சாம்பல் நிறக் கறையாகிவிட்டது.

"மெதுவாடி, கண்ணு போவுது பாரு."

"மெதுவாத்தாம்மா துடைக்கிறேன்."

"பெத்தவ கண்ணு முன்னாலயே அழிக்கிறியே" என்றாள். என் கையிலிருந்த பஞ்சை அவளே பிடுங்கிக்கொண்டாள். ஒன்பதாவது தாளில் ஒரு கண், பாதி மூக்கு, தாடி தெரிந்தன. அதற்கு மேல் தொட இருவருக்கும் துணிவில்லை.

அதைத்தான் நோட்டீஸாக அடித்தோம். நாகை, வேளாங்கண்ணி, மயிலாடுதுறை என்று பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக ஒட்டினோம். நின்று பார்த்தவர்கள், "என்னங்க, பாதி மூஞ்சிதான் இருக்கு" என்றார்கள். நான் அடுத்த நோட்டீஸுக்குப் பசை தடவினேன்.

பத்தொன்பதாம் நாள் மயிலாடுதுறையிலிருந்து ஒரு டீக்கடைக்காரம்மா போன் செய்தார். "அந்தத் தாடிய வச்சிதாங்க கேக்குறேன். இங்க ஒரு புள்ள நாலு நாளா உக்காந்துருக்கு, பேர் கேட்டா சொல்ல மாட்டேங்குது."

அவன்தான். செருப்பு இல்லை. காலில் புண். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். எங்கே போனான் என்று இன்றுவரை சொல்லவில்லை. கண்காட்சிக்கு நான் எதுவும் அனுப்பவில்லை.

மாதம் ஒரு முறை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். பஸ்ஸில் அவனை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, அவன் எழுந்து போக முடியாதபடி நான் வெளிப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.