வெர்னா டுபேயின் வருகைத் தாள்

ஆல்டர்ஃபோர்ட் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஆறு மேசைக் கணினிகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் வெர்னா டுபேயின் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, அதே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. கணினிகளை மட்டும் நடுவில் மூன்று முறை மாற்றியிருக்கிறார்கள்.

வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாசலில் ஓர் அட்டையில் தாள் செருகியிருக்கும், பக்கத்தில் நூல் கட்டிய பென்சில் தொங்கும். வருகிறவர் தன் பெயர், மணி, எத்தனையாவது கணினி என்று எழுதிவிட்டு உட்கார வேண்டும். ஆளுக்கு அரை மணி நேரம். முட்டை அவிக்க வைக்கிற முறுக்குக் கடிகாரங்கள் ஆறு வெர்னாவிடம் உண்டு, ஆறும் தக்காளி வடிவம். எந்தக் கடையையோ இழுத்து மூடும்போது மொத்தமாக வாங்கியிருக்கிறார். தக்காளி மணியடித்ததும் வந்து, மேசை ஓரத்தை ஒரு விரலால் இரண்டு தட்டு தட்டி, "நேரம் ஆச்சு" என்பார். அறையில் வேறு ஈ காக்காய் இல்லாவிட்டாலும் தட்டுவார். யாருமே காத்திருக்கவில்லையே என்று ஒருநாள் கேட்டேன்.

"தாள்ல திரும்ப எழுதிட்டு வந்து உக்காரு" என்றார்.

எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தேன். தக்காளியை மறுபடி முறுக்கினார்.

நான் அங்கே போனது படிக்கத்தான். அக்டோபரில் பள்ளிக்கூடத்தை விட்டேன், பள்ளிக்கூடமும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. பள்ளியை முடிக்காதவர்கள் எழுதுகிற தேர்வு ஒன்று இருக்கிறது, அதற்கு மாதிரிக் கேள்விகள் இணையத்தில் கிடைக்கும். ஃபோனில் திறந்தால் கேள்வி தெரியும், விடைகள் திரைக்கு வெளியே எங்கேயோ போய் நின்றுகொள்ளும்.

முதல் வாரமே ஆறு திரைகளையும் தலைகீழாகத் திருப்பிவிட்டேன். மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் போதும். வெர்னா கத்தவில்லை. ஒவ்வொன்றாக நேராக்கினார். சுவரில் இருந்த நாட்காட்டியில் ஒரு மாதம் தள்ளி ஒரு தேதியை வட்டமிட்டு, அதுவரை வராதே மார்னி என்றார். வட்டமிட்ட தேதியில் போய் நின்றேன். "மூணாவது கணினி" என்றார், நேற்று பேசி விட்ட இடத்திலிருந்து பேசுவதுபோல.

அதன் பிறகு சின்ன வேலைகளோடு நிறுத்திக்கொண்டேன். மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் வருகிற கண் ஒன்று இருக்கும், அதை ஒரு துண்டு டேப்பால் மூடிவிட்டால் அம்புக்குறி அசையாது. கிளம்பும்போது ஏதாவது ஒரு மவுஸில் ஒட்டிவிட்டுப் போவேன். வெர்னா காலையில் வந்ததும் ஆறையும் திருப்பிப் பார்ப்பார். டேப்பை உரித்துத் தன் மேசையின் விளிம்பில் ஒட்டிவைப்பார், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக. பிப்ரவரிக்குள் அந்த வரிசை ஓர் அடி நீளம் போய்விட்டது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. சாட்சிக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய கணவர் ரே இரண்டு வருடம் முன்பு நவம்பரில் இறந்தார். மான் வேட்டையிலிருந்து திரும்பி வந்து, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்ற பிறகுதான் வெர்னா வெளியே வந்து பார்த்திருக்கிறார். சனிக்கிழமை அடக்கம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு இங்கே விசைப்பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெர்னா அழுது யாரும் பார்க்கவில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அவர் சிரித்தும் யாரும் பார்க்கவில்லை, அதை யாரும் பேசிக்கொள்ளவில்லை.

முன்பெல்லாம் மாடிப்படி வரை வரிசை நிற்குமாம். இப்போதும் ஜனங்கள் நூலகத்துக்கு இணையம் தேடித்தான் வருகிறார்கள். ஆனால் மேலேயே ஹீட்டருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஃபோனில் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் வண்டியை விட்டு இறங்குவதுகூட இல்லை, சுவர் ஓரமாக நிறுத்தினாலே இணையம் கிடைக்கிறது.

ஜனவரியில் ஹார்லன் ஸ்ப்ரவுல் கீழே இறங்கி வந்தார். நூலக வாரியத்தின் தலைவர். முன்பு வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் உலைகளை வீடு வீடாகப் பழுது பார்த்தவர், எங்கே போனாலும் முதலில் குழாய்களைத்தான் பார்ப்பார். குழாய்களைப் பார்த்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். பிப்ரவரி முடியும் வரை தாளில் உள்ள பெயர்களை எண்ணப் போகிறார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாகப் பத்து வந்தால் புதுக் கணினிகள் வாங்குவார்கள். வராவிட்டால் கணினிகளைத் தூக்கிவிட்டு, ஃபோன்களுக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ள வசதியாக சோஃபா போடுவார்கள். கணினி போனால் வெர்னாவின் வேலையும் அதோடு போகும்.

"உன்மேல ஒண்ணும் இல்ல வெர்னா. என் பொண்ணு வீட்ல கம்ப்யூட்டரே கிடையாது. வீடு வாங்கினதே ஃபோன்லதான்" என்றார்.

"பத்தா, பத்துக்கு மேலயா?" என்று கேட்டார் வெர்னா.

"பத்து போதும்."

"சரி." ஒரு சீட்டில் பத்து என்று எழுதிச் சுவரில் ஒட்டினார், அதுவும் அந்த அறையின் விதிகளில் ஒன்று என்பதுபோல.

ஜனவரி மாதம் நாளுக்கு நாலு பேர் வந்தார்கள். அந்த நாலில் நான் இரண்டு.

தாளை நிரப்ப எனக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. அசல் ஊர்ப் பெயர்கள், எழுத்துப் பிழை இல்லாமல். அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது. குளிர்காலத்தில் பிக்கரல் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க அதன்மேல் சின்னக் குடில்களை இழுத்துவந்து நிறுத்துவார்கள். குடிலின் வெளிச்சுவரில் அதற்கு உரியவரின் பெயர் இரண்டு அங்குல எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒருநாள் ஏரியின் மேல் நடந்து, தெற்கிலிருந்து வடக்காக முப்பத்தெட்டுக் குடில்களைப் படம் பிடித்துக்கொண்டேன். மேசைக் கணினியைக் காப்பாற்ற ஃபோனை எடுத்துப் போகிறோமே என்று கொஞ்சமும் உறுத்தவில்லை.

தினமும் வெர்னா பன்னிரண்டரைக்குத் தன் ட்யூனா சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு மேலே போவார். அந்த இருபது நிமிடத்தில் ஆறு பெயர் எழுதுவேன். இரண்டு இடது கையால், ஒன்று நன்றாகச் சாய்த்து. சாயங்காலம் வெர்னா தாளை எடுப்பார், மேலிருந்து கீழ்வரை பார்ப்பார், உறையில் போடுவார். அன்று எத்தனை தக்காளி முறுக்கினோம் என்று நினைத்துப் பார்த்திருந்தாலே விளங்கியிருக்கும். பிப்ரவரியின் நாலு வாரமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை டேல் மிஷோ வந்தார். காகித ஆலையில் வேலை போன அறுபது பேரில் ஒருவர். தொப்பியைக் கழற்றவில்லை. வேலையில்லாதோர் உதவித்தொகைக்கான படிவத்தை நாலு நாளாகக் கட்டைவிரலால் ஃபோனில் நிரப்பிக்கொண்டிருக்கிறாராம், கடைசிப் பக்கத்தில் வெள்ளையாக நின்றுவிடுகிறதாம். சொல்லும்போது ஃபோனைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெர்னா தாளில் எழுதச் சொன்னார். இரண்டாவது கணினியைக் கொடுத்தார். டேல் ஒரே விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். தக்காளி மணியடித்தது, மேசையில் இரண்டு தட்டு, எழுந்துபோய்ப் பெயரை எழுதிவிட்டு வந்தார். மறுபடி அடித்தது, மறுபடி எழுதினார். மூன்றாவது அரை மணி நேரம் முழுக்க வெர்னா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"போயிடுச்சா?" என்றார் டேல்.

"போயிடுச்சு. நம்பர் வந்திருக்கு பாருங்க, எழுதி வச்சுக்கோங்க."

"அப்போ ஃபோன்ல நான்தான் ஏதோ தப்பு பண்ணேனா?"

"இல்ல. அந்தக் கடைசிப் பக்கம் யாருக்குமே ஃபோன்ல வரல."

டேல் கொஞ்ச நேரம் கை இரண்டையும் மேசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வெர்னா அவருடைய தக்காளி மணியடிக்கும் முன் அதை நிறுத்தினார்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு வாரியக் கூட்டம், மேலே குழந்தைகள் பகுதியில். ஊர்க்காரர் யாரும் வந்து உட்காரலாம். நானும் டேலும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சின்ன நாற்காலிகளில் முழங்கால் மூக்கை இடிக்க உட்கார்ந்திருந்தோம். பிப்ரவரியின் சராசரி பத்தரை என்று யாரோ வாசித்தார்கள். ஹார்லன் மூக்குக்கண்ணாடியை இறக்கித் தாள்களைப் புரட்டினார்.

"டேல் மிஷோ, வியாழக்கிழமை, பன்னெண்டரை மணி, அஞ்சாவது கம்ப்யூட்டர்" என்று படித்தார். "வியாழக்கிழமை பன்னெண்டரை மணிக்கு டேல் ஏரியில என் பக்கத்துல வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்திருந்தான். ஃபோன்ல ஏதோ ஃபாரம் போட்டுட்டிருந்தான். அவன் தூண்டிலயும் நான்தான் பாத்துக்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லன் சிரிக்கவில்லை, இன்னும் படித்துக்கொண்டிருந்தார். டேலுக்குக் கீழே இருந்த பெயர், அதற்குக் கீழே இருந்தது, அதற்கும் கீழே.

"இது என் குடில்லேர்ந்து வடக்கே போற வரிசை" என்றார். "ஏரிய அப்படியே தூக்கி இங்க வச்சிருக்கு."

குடிலில் பெயர் எழுதியிருப்பவன் பகலில் எங்கே இருப்பான் என்று நான் யோசித்திருக்க வேண்டும். குடிலில்தான் இருப்பான். பக்கத்துக் குடிலில் யார் இருக்கிறார்கள் என்றும் அவனுக்குத் தெரியும். நான் வரிசையைக்கூடக் கலைக்கவில்லை.

வெர்னா எழுந்து போய்த் தாள்களைக் கேட்டு வாங்கினார். பையிலிருந்து அடிக்கோலையும் பேனாவையும் எடுத்தார். ஒரு குட்டி மேசையில், டைனோசர் படத்துக்கு மேல் தாள்களை வைத்து, அடிக்கோலைப் பிடித்து ஒவ்வொரு பொய்ப் பெயரையும் கோடிட்டு அடிக்க ஆரம்பித்தார். எதையும் யோசித்துப் பார்க்கவில்லை. எது பொய் என்று முதலிலிருந்தே தெரிந்தவர் கை அது. நாலு வாரத் தாள்கள், பதினோரு நிமிடம். அந்தப் பேனாச் சத்தம் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமைத் தாளில் டேலின் பெயர் மூன்று தடவை இருந்தது. அதைத் தாண்டிப் போனார். ஹார்லன் குனிந்து, இதுவும்தானே என்று கேட்டார்.

"இவரு வந்தாரு. மூணு தடவ. நான் பக்கத்துல இருந்தேன்."

டேல் தொப்பியைக் கழற்றினார். ஆமாம் என்றார்.

"யாரு எழுதினது வெர்னா?" என்றார் ஹார்லன், குரலைத் தாழ்த்தி.

"என் ரூம். என் தாள்."

நான் அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். வெர்னா திரும்பிப் பார்த்தார்.

"உக்காரு மார்னி. கூட்டம் இன்னும் முடியல."

உட்கார்ந்தேன். சராசரியைத் திரும்பக் கணக்கிட்டார்கள், நாலரை வந்தது. ஐந்து கணினிகளை எடுத்துவிடுவது, ஒன்றை மட்டும் மேலே ஜன்னல் பக்கத்தில் வைப்பது, வெர்னாவுக்கு மார்ச் கடைசி வரை வேலை என்று முடிவானது. கலையும்போது ஹார்லன் அவரிடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெர்னா "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் மேல்கோட்டை எடுத்தார்.

அடுத்த நாள் கீழே போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான். கையை மட்டும் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். "மூணாவது கணினி" என்றார்.

ஏப்ரலில் சோஃபாக்கள் வந்தன, மேலேயும் ஒன்று போட்டார்கள். பச்சை நிறம், உட்கார்ந்தால் எழ முடியாத ரகம். பழைய சாமான்களை வாசலில் வைத்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிப் போட்டார்கள். நான் ஒரு தக்காளியை எடுத்துக்கொண்டேன். வெர்னாவின் மேசையை யார் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை, டேப் வரிசையோடு போய்விட்டது.

மேலே இருந்த ஒற்றைக் கணினிக்கு முன்னால் அதே அட்டையும் தாளும் பென்சிலும் தொங்கின. எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை போல. நான் தினமும் போனேன். கிளம்பும்போது மவுஸில் டேப் ஒட்டிவிட்டு வருவேன், மறுநாள் போனால் அப்படியே இருக்கும். உரிப்பதற்கு ஆள் இல்லாததால் நானே உரிப்பேன்.

ஒரு திங்கட்கிழமை நான் போனபோது வெர்னா எனக்கு முன்னால் வந்திருந்தார். கோட்டைக் கழற்றாமல் தாளில் பெயர், பத்து மணி, ஒன்றாவது கணினி என்று எழுதினார். உட்கார்ந்தார். மவுஸைத் திருப்பிப் பார்த்தார், டேப்பை உரித்தார். அதை ஒட்ட இடம் தேடி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தன் கோட்டின் கைமடிப்பில் ஒட்டிக்கொண்டார்.

திரையில் மாவட்ட மருத்துவமனையின் வேலை விண்ணப்பம் இருந்தது. பதிவேட்டுப் பிரிவு.

"ஃபோன்லதான் ஆரம்பிச்சேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் பக்கத்தில் இருந்த சோஃபாவில் உட்கார்ந்து, பையிலிருந்து தக்காளியை எடுத்து அரை மணி நேரத்துக்கு முறுக்கினேன். அது டிக்டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை. அவர் அடித்துக்கொண்டிருந்தார், வேகமாக, பிழையே இல்லாமல். ஓரிடத்தில் கை நின்றது. மணமானவரா, மணமாகாதவரா, துணையை இழந்தவரா என்ற கேள்வி. பிறகு மூன்றாவது கட்டத்தில் குறியிட்டார், அடுத்த பக்கத்துக்குப் போனார்.

தக்காளி மணியடித்தது. எழுந்து போய் மேசை ஓரத்தை ஒரு விரலால் இரண்டு தட்டு தட்டினேன்.

"நேரம் ஆச்சு மிஸ்ஸஸ் டுபே."

"கடைசிப் பக்கத்துல இருக்கேன்."

"தாள்ல திரும்ப எழுதிட்டு வந்து உக்காருங்க."

வெர்னா எழுந்தார். பென்சிலை எடுத்துத் தன் பெயரை மறுபடி எழுதினார். பத்தரை. ஒன்றாவது கணினி. வந்து உட்கார்ந்தார்.

தக்காளியை முறுக்கினேன்.