கந்தசாமிக்கு வாய்த்த தாத்தா

புனாவில் இரண்டு தமிழர்கள் சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வி பெயர் அல்ல, ஊர். பதிலை முடிப்பதற்குள் "அங்கதான் எங்க அத்தையைக் கொடுத்திருக்கு" என்று உறவு முளைத்துவிடும். ஊரும் ஒன்றாகிவிட்டால் தீர்ந்தது. அப்புறம் பிரம்மா வந்து மறுத்தாலும் செல்லாது.

தொண்ணூற்றிரண்டில் புனாவை அடுத்த தேஹு ரோடு ஸ்டேஷனில் ஒரு பையோடு இறங்கிய கந்தசாமிக்கு இந்த வழக்கம் தெரியாது. அவன் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரன். கூடப்பிறந்த தம்பி சுடப்பட்டுச் செத்த மறுவாரம் படகேறி, ராமேஸ்வரம் பக்கம் கரை தொட்டவன். அதற்கு முந்தைய வருஷம் மே மாதம் முன்னாள் பிரதமரைக் கொன்ற குண்டுவெடிப்புக்குப் பிறகு, இலங்கைத் தமிழன் என்றாலே இங்கே சந்தேகமாகப் பார்த்தார்கள். முகாமுக்குப் போனால் விசாரணை என்று பயந்து ரயிலேறினான். அடையாள அட்டையைத் துணுக்குத் துணுக்காகக் கிழித்து ஜன்னல் வழியே தூவிக்கொண்டே வந்தான். விழுந்த இடமெல்லாம் தண்டவாளத்தோரம் யாழ்ப்பாணத்துப் பனை முளைத்திருக்கிறதாம்; பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் சோலாப்பூர் வரை தன் ஊரான அம்பாசமுத்திரத்தின் பெருமையையே பேசினார். ஆகையால், ஸ்டேஷன் வாசலில் மகாதேவன் "எந்த ஊரு வே?" என்று கேட்டபோது, கந்தசாமியின் வாயில் வந்து விழுந்ததும் அம்பாசமுத்திரம்தான்.

மகாதேவன் ராணுவத் தளவாட டெப்போவில் கிளார்க். பிறந்தது அம்பாசமுத்திரம், நாலு வயதில் தகப்பனார் தோளில் வந்தவர், பிறகு ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அதை ஒப்புக்கொண்டால் கௌரவம் என்ன ஆவது?

"ரைஸ்மில் சங்கரபாண்டி மவனாலே நீ?"

கந்தசாமி தலையை ஆட்டினான்.

"மூஞ்சியிலேயே எழுதியிருக்கேடே! உங்க தாத்தா தாமிரபரணியில முதலையைத் துண்டால கட்டி இழுத்தாந்தாரே, கேட்டிருக்கியா?"

"சின்னதுல சொல்லியிருக்காங்க, அண்ணாச்சி."

ஒரு டீ ஆறுவதற்குள் அவனுக்கு அப்பா கிடைத்தார், தாத்தா கிடைத்தார், ஒரு முதலையும் கிடைத்தது. டெப்போவைச் சுற்றிப் புதுமுகங்களைப் போலீஸ் விசாரித்தபோது, "நான் பிறந்த தெருக்காரன் சாகேப்" என்று மகாதேவன் ஜாமீன் நின்று கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தில் அறை வந்தது, ரேஷன் கார்டு வந்தது. பக்கத்து ஆகுர்டியில் ஃபாக்டரிப் பையன்களுக்குச் சோறு போடும் மெஸ்ஸும் வந்தது.

கந்தசாமி அம்பாசமுத்திரத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தான். 'ஓம்' என்பது செத்து 'ஆமா அண்ணாச்சி' ஆயிற்று. சொந்த நாக்கை மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியே எடுப்பான். டொராண்டோவில் அக்கா வீட்டில் இருக்கும் அம்மாவுக்காக, தெரிந்தவர் எவரும் வராத தூரத்து டெலிபோன் பூத்துக்குப் போய்ப் பேசுவான். "சாப்பிட்டியே தம்பி?" என்பாள் அம்மா. "ஓம் அம்மா" என்பான். வரவர அந்த 'ஓம்' தொண்டையில் சிக்கிச் சிக்கி வந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் அம்மா படுக்கையில் விழுந்தாள். "ஒருக்கா அவன்ரை முகத்தைக் காட்டு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லையாம். அகதியாகக் கனடாவிடம் தஞ்சம் கேட்பதுதான் வழி என்று, அக்கா புனாவில் கேம்ப் என்கிற பேட்டையில் ஒரு குடியேற்ற வக்கீலைப் பிடித்துக் கொடுத்தாள்.

வக்கீல் ரோஹிணி புனாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "தேகோ அங்கிள், பாருங்க, இந்தியாக்காரங்க நிறையப் பேர் சிலோன்காரன்னு ஆக்ட் பண்றாங்க. உங்க ரேஷன் கார்டு, போலீஸ் ரெக்கார்ட் எல்லாம் இந்தியன்னு சொல்லுது. அக்கா சொன்னா போதாது. ஜாமீன் நின்னவர் வந்து, தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லணும்."

கந்தசாமி மகாதேவன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"அண்ணாச்சி, நான் அம்பாசமுத்திரம் இல்லை."

மகாதேவன் வெற்றிலையை மெதுவாக மென்றார். "தெரியும்லே. அந்த ரைஸ்மில்லை நான்தான கட்டினேன்."

"அம்மாவைப் பார்க்கணும் அண்ணாச்சி. வக்கீலம்மாகிட்ட உண்மையை மட்டும் சொல்லுங்க."

"டெப்போக்காரன் கையெழுத்துடே அது. ரிட்டையர் ஆகுத நேரத்துல சிலோன்காரனை ஒளிச்சு வச்சேன்னு வந்தா பென்ஷனா, ஜெயிலா?" வாயைக் கொப்பளித்துத் துப்பினார். பிறகு என்ன தோன்றியதோ, "சரி, வாரேன்" என்றார்.

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி நிறைய விபூதி.

"இவரை எப்படித் தெரியும்?" என்றாள் ரோஹிணி.

மகாதேவன் கந்தசாமியைப் பார்த்தார். பிறகு மடை திறந்தது.

"இவனையா? தொட்டில்ல கிடக்கும்போதே தெரியும்மா. இவன் தாத்தா ஒரு முதலையைத் துண்டால கட்டி..." முதலை இந்த முறை இன்னும் நீளமாக இருந்தது, வாலில் குழந்தைகள் ஊஞ்சலாடினார்கள்.

கந்தசாமி எழுந்து நின்றான். "பொய்யம்மா! நான் சாவகச்சேரி, எங்கட அம்மா..." மேலே வரவில்லை. பதினோரு வருஷம் பூட்டிவைத்த பேச்சு, நாடகக்காரன் பாடம் ஒப்பிப்பதுபோல் அவன் காதுக்கே ஒலித்தது.

ரோஹிணி ஃபைலை மூடினாள். "உங்க சாட்சி, அங்கிள். நான் கூப்பிட்ட ஆள் இல்லை. இந்தக் கேஸை நான் எடுக்க மாட்டேன்."

ஷேர் ஆட்டோவில் இருவரும் ஒட்டியே உட்கார்ந்து திரும்ப வேண்டியிருந்தது. "உன்னை ஊர்க்காரனா வச்சிருக்கேன். அது போதாதா உனக்கு?" என்றார் மகாதேவன். பதில் சொல்லக் கந்தசாமி எந்தப் பேச்சை எடுப்பான்?

ஸ்டேஷன் பக்கத்து பூத்தில் இறங்கி, முதல்முறையாக அங்கிருந்தே டொராண்டோவுக்கு எண்ணைச் சுழற்றினான். இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? மகாதேவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, "பேசுலே, தாராளமாப் பேசு" என்றார்.

அக்கா ரிசீவரை அம்மா காதில் வைத்தாள்.

"அம்மா, எப்படி இருக்கீய?" என்று தானாக வந்தது. திருத்துவதற்குள், அந்தப் பக்கம் அம்மா மெலிந்த குரலில் அக்காவிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது:

"ஆரோ இந்தியாக்காரன் கதைக்கிறான் பிள்ளை. வை. தம்பி எடுக்கிற நேரம்."