துத்தநாகம் கொடுத்த பச்சை

வேதியியல் ஆராய்ச்சி என்பது பாதி நாள் குடுவை கழுவி, மீதி நாள் ஏன் சரியாகக் கழுவவில்லை என்று திட்டு வாங்குகிற தொழில். லேபில் கால் வைத்த சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில், என் வேலை இது: தனியாக ஒளிராத ஒரு சாயத்தைத் துத்தநாகத்தோடு சேர்த்து யூ.வி. விளக்கில் ஒளிர வைக்க வேண்டும். ஓணம் லீவுக்குள் ஒளிராவிட்டால் வேறு தலைப்பு, மறுபடி ஆரம்பத்திலிருந்து என்று கைடு சொல்லிவிட்டார். மூன்று வருஷ உழைப்பு!

நீல வெற்றி

ஒரு நாள் குடுவை நீலமாக ஒளிர்ந்தது. துள்ளிக் குதித்துக்கொண்டு கைடை இழுத்து வந்தேன். அவர் விளக்கைக் காலிக் குடுவை மேல் காட்டினார். அதுவும் நீலம். என் துப்பட்டாவும் நீலம்! எல்லாம் சோப்புத்தூளில் கலக்கும் வெளுப்புச் சரக்கின் வேலை. நான் குடுவையைச் சரியாக அலசவில்லை. மனுஷர் சிரிக்கக்கூட இல்லை. "எடோ, இதுக்கு டாக்டர் பட்டம் வேண்டா, வாஷிங் மெஷின் மதி." வாஷிங் மெஷினே போதுமாம்!

செம்புத் தண்ணீர்

அடுத்த மாதம் நிஜமாகவே பச்சை எட்டிப் பார்த்தது. வடிகட்டி எடுத்த அந்தப் பொடியைக் கழுவ டிஸ்டில்டு வாட்டர் இல்லை. அன்று ஹர்த்தால், சப்ளை வரவில்லை. பொறுமை ஏது எனக்கு? அம்மா கொடுத்தனுப்பிய குடிதண்ணீரை ஊற்றினேன். பச்சை பொசுக்கென்று போய்விட்டது.

அது வீட்டில் செம்புக் குடத்தில் ஊறிய தண்ணீர்! துளிச் செம்பு போதும், துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து ஒளியைக் கெடுத்துவிடும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான். பக்கத்து மேஜை ஜூனியர் ஷாஜி ஆறுதல் சொன்னான்: "போட்டே சேச்சி, போனா போகட்டும், அம்மாவுக்கு ஆரோக்கியம், நமக்கு இருட்டு."

பூக்களத்துக்கு முன்னால்

லீவுக்கு முந்தின நாள். எல்லோரும் வராந்தாவில் பூக்களம், அதாவது ஓணப் பூக்கோலம், போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, சாயத்தை விளக்கின் கீழ் வைத்தேன். இருட்டு. துத்தநாகக் கரைசலை விட்டேன். சட்டென்று பச்சை! வாழைக்குருத்துப் பச்சை!

கைடு லேசில் நம்புவாரா? காலிக் குடுவையைப் பார்த்தார், இருட்டு. சாயத்தை மட்டும் பார்த்தார், இருட்டு. தன் கையாலேயே துத்தநாகம் விட்டார். பச்சை! அடேயப்பா, அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் வெட்கமே இல்லாமல் அழுதேன். அவர் வராந்தாவுக்கு ஓடிப்போய்க் கத்தினார்: "பூக்களம் பின்னே இடாம், முதல்ல என் குட்டியோட பச்சையை வந்து பாருங்க!"

ஒரு சிட்டிகைச் சரக்கு ஒளிர்ந்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள், மூன்று வருஷம் இருட்டறையில் உட்கார்ந்துவிட்டு வந்து கேட்கட்டும்.